டிரெய்லருக்கும் பிரேக் வேண்டும்
மலைச் சரிவில் டிராக்டரின் பிரேக் மட்டும் ஏன் போதாது?

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்துச் சாலைகளில் இரவு பகல் பாராமல் டிராக்டர்கள் ஓடும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லர்கள் அவற்றில் கணிசமானவை. அதே காலத்தில் கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்குவார்கள். வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்துக் கிழங்கு மூட்டைகள் லாரியிலும் டிராக்டரிலும் கோமுகி அணைப் பக்கமாக இறங்கி வருகின்றன. சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கம் விளைவது ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது.

இந்த டிரெய்லர்களின் அடியில் குனிந்து பார்த்தால் ஒன்று தெரியும். பலவற்றின் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. சிலவற்றில் வாங்கும்போது பிரேக் இருந்திருக்கும். கம்பி அறுந்தபின் மறுபடி மாட்டியிருக்க மாட்டார்கள். "டிராக்டர் பிரேக் பிடித்தால் பின்னால் உள்ள பெட்டியும் நிற்கத்தானே வேண்டும்?" என்று கேட்பவர்கள் அநேகர். வயலிலிருந்து களத்துக்கு மெதுவாக வந்து சேரும்போது இந்த எண்ணம் பொய்த்துப் போவதில்லை. அதனாலேயே அது நிலைத்துவிட்டது. ஆனால் ஆறு டன் பாரத்தோடு தார்ச்சாலையில் ஏறினாலோ, மலைச் சரிவில் இறங்கினாலோ கணக்கே வேறு.

மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்தது

பார வண்டியைச் சரிவில் இறக்கும்போது மாடுகள் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் என்று அந்தக் காலத்து வண்டிக்காரர் யாரும் நம்பியதில்லை. சக்கரப் பட்டையில் உரசும்படி குறுக்கே ஒரு கட்டையைக் கட்டி, கயிற்றை இழுத்து இறுக்குவார்கள். செங்குத்தான இறக்கம் என்றால் ஒரு சக்கரத்தையே சங்கிலியால் பிணைத்துவிடுவதும், வண்டிக்குப் பின்னால் மரத்துண்டு ஒன்றைக் கட்டி இழுபட விடுவதும் உண்டு. பாரம் எந்தச் சக்கரத்தின்மேல் இருக்கிறதோ, அந்தச் சக்கரத்தைத்தான் தடுத்தார்கள். மாட்டின் கழுத்தில் பாரத்தைத் தள்ளிவிட்டால் மாடு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

டிராக்டர் வந்ததும் இந்த அறிவு பின்னுக்குப் போய்விட்டது. 40, 50 குதிரை சக்தி கொண்ட இயந்திரம் எதையும் இழுக்கும் என்ற நம்பிக்கை, எதையும் நிறுத்தும் என்ற நம்பிக்கையாக மாறிவிட்டது. இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு.

பிடிப்பு எங்கே இருக்கிறது?

பிரேக்கை மிதித்தால் நிற்பது சக்கரம்தான். வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. பிரேக் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், தரையில் டயருக்குப் பிடிப்பு இல்லையென்றால் சக்கரம் சுழலாமல் அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். சேற்றில் இதை எல்லா ஓட்டுநரும் கண்டிருப்பார்கள். புதிய டிராக்டர்களில் எண்ணெயில் மூழ்கிய பிரேக் வந்திருக்கிறது. அது நல்ல பிரேக்தான்; தேய்மானமும் குறைவு. ஆனால் அது டயரின் பிடிப்பை ஒரு இம்மியும் கூட்டுவதில்லை.

டயரின் பிடிப்பு அதன்மேல் அழுத்தும் எடையைப் பொறுத்தது. காய்ந்த தார்ச்சாலையில் அந்த எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு பிடிப்புக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மழை பெய்து மண் கரைந்த சாலையில் அது 40 பங்காகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சாதாரண டிராக்டரில் பிரேக் இருப்பது பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். டிராக்டரின் எடை 2 டன். அதில் பின்சக்கரங்கள் தாங்குவது 1,300 கிலோ. இரு சக்கர டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 8 டன். டிரெய்லரின் மூக்கு டிராக்டர் மேல் அழுத்துவது 500 கிலோ. ஆகவே பிரேக் உள்ள சக்கரங்களின் மேல் நிற்பது மொத்தம் 1,800 கிலோ. காய்ந்த சாலையில் அதில் 60 பங்கு என்றால் 1,080 கிலோ. நிறுத்த வேண்டிய எடையோ 10 டன், அதாவது 10,000 கிலோ. பத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் தடுக்கும் சக்தி இருக்கிறது. டிராக்டர் தனியாகப் போகும்போது இது பத்துக்கு நான்கு.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்போம். தனி டிராக்டர் பிரேக் பிடித்த இடத்திலிருந்து 4 மீட்டரில் நின்றுவிடும். பிரேக் இல்லாத டிரெய்லரை இழுத்து வரும்போது, சமதளத்திலேயே 15 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஆகும் ஒரு வினாடியில் ஓடிவிடும் ஐந்தரை மீட்டர் இதில் சேரவில்லை. வேகம் 30 கிலோமீட்டர் என்றால் 15 மீட்டர் என்பது 33 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. கிராமத்துச் சாலையில் குறுக்கே ஓடிவரும் பிள்ளைக்கும் கன்றுக்கும் இந்த 33 மீட்டர் கிடைப்பதில்லை.

இறக்கத்தில் மீதி எவ்வளவு?

இனி மலைக்கு வருவோம். 15 அடி நீளத்துக்கு 1 அடி இறங்கும் சரிவு மலைச் சாலைகளில் அரிதல்ல. அப்படிப்பட்ட சரிவில் 10 டன் வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் பாரம் மட்டும் 667 கிலோ. டயருக்கு உள்ள 1,080 கிலோ பிடிப்பில் இதைக் கழித்தால், வண்டியை நிறுத்துவதற்கு என்று மிஞ்சுவது 413 கிலோ. 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிற்க 38 மீட்டர் வேண்டும்.

சாலை நனைந்திருந்தால்? பிடிப்பு 720 கிலோவாகக் குறைகிறது. 667ஐக் கழித்தால் மிச்சம் 53 கிலோ. நிற்க வேண்டிய தூரம் 300 மீட்டர் அளவுக்குப் போய்விடும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை போகும் சாலையில் வளைவே இல்லாத 300 மீட்டரை எங்கே தேடுவது? சரிவு இன்னும் சற்றுக் கூடினால் மிச்சமே இல்லை. ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும், பூட்டிய சக்கரங்களோடு வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும். மலை விபத்துகளுக்குப் பிறகு "பிரேக் பிடிக்கவில்லை" என்று சொல்லக் கேட்கிறோம். பல சமயம் பிரேக் பிடித்திருக்கும்; டயர்தான் பிடித்திருக்காது.

இரு சக்கர டிரெய்லருக்கு உரிய கணக்கு இது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு சக்கரம் கொண்ட டிரெய்லர் தன் பாரம் முழுவதையும் தானே தாங்கிக்கொள்கிறது. டிராக்டரின் முதுகில் பாரம் ஏறாததால் அதுவே நல்லது என்று பலர் நினைக்கின்றனர். டிராக்டருக்கு அது சுகம்தான். ஆனால் பின்சக்கரங்களின் மேல் கூடுதல் அழுத்தம் இல்லாததால் பிடிப்பு 780 கிலோவுக்கு இறங்கிவிடுகிறது. முன் சொன்ன அதே சரிவில், காய்ந்த சாலையிலேயே, நிற்பதற்கு ஏறத்தாழ 140 மீட்டர் வேண்டியிருக்கும். நாலு சக்கர டிரெய்லரைப் பிரேக் இல்லாமல் மலைக்குக் கொண்டுபோவது இன்னும் பெரிய தவறு.

இப்போது அதே இரு சக்கர டிரெய்லரின் சக்கரங்களில் பிரேக் இருப்பதாகக் கொள்வோம். அது உயர்தரப் பிரேக்காக இருக்க வேண்டியதில்லை. டிரெய்லரின் 8 டன் எடையில் கால் பங்கு, அதாவது 2,000 கிலோ அளவுக்குத் தடுத்தால் போதும். சமதளத்தில் 15 மீட்டராக இருந்தது 5 மீட்டராகிறது. சரிவில் 38 மீட்டர் ஆறரை மீட்டராகிறது. நனைந்த சரிவில் 300 மீட்டர் என்பது 8 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பாரம் எந்தச் சக்கரத்தின்மேல் இருக்கிறதோ அதைத் தடுத்த வண்டிக்காரரின் யுக்திதான் இங்கும் வேலை செய்கிறது.

வளைவில் நடப்பது

தூரம் மட்டும் பிரச்சினை இல்லை. டிராக்டர் பிரேக் பிடிக்கும்போது பின்னால் உள்ள 8 டன் முன்னே தள்ளுகிறது. நேர்ச்சாலையில் அந்தத் தள்ளல் நேராக முதுகில் விழும். கொண்டை ஊசி வளைவில் டிராக்டர் ஒரு திசையிலும் டிரெய்லர் வேறு திசையிலும் இருப்பதால், அது டிராக்டரின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. பின்சக்கரங்கள் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருந்தால் தடுப்பாரில்லை. பேனாக்கத்தி மடங்குவது போல டிராக்டரும் டிரெய்லரும் மடங்கிவிடும். பெரும்பாலும் கவிழ்வது டிராக்டர்தான். அதில்தான் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கிறார்.

இதோடு சேர்த்து இன்னொரு கவனக்குறைவையும் சொல்ல வேண்டும். டிராக்டரில் வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் மடக்கித் திருப்புவதற்காக அவற்றைத் தனித்தனியே வைத்திருப்பார்கள். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட்டாக வேண்டும். உழுதுவிட்டு நேராக டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் இது மறந்துபோகிறது. பாரத்தோடு வரும்போது ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிவிடும். கொக்கி போட்டபின்னும் இரண்டு சக்கரமும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று மண் தரையில் பிரேக் பிடித்து, விழும் தடங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"கியரிலேயே இறக்கிவிடலாம்"

மலை ஓட்டுநர்கள் பலர் சொல்லும் பதில் இது. ஓரளவு சரியான பதிலும்கூட. இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வந்தால் என்ஜினே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். இதைச் செய்யாமல் பிரேக்கை மட்டும் நம்புகிறவர் மலையில் வண்டி ஓட்டக்கூடாது.

ஏன் என்பதற்கு இன்னொரு கணக்கு. 10 டன் வண்டி 400 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொண்டால், அந்த இறக்கத்தில் தோன்றும் வெப்பம் நூற்றுப் பதினைந்து லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவும் பிரேக்கில் இறங்கினால் லைனிங் கருகி, பிடிப்பு இழந்துவிடும். எனவே அதில் பெரும் பங்கை என்ஜின் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் என்ஜினின் தடுப்பும் அதே இரண்டு பின்சக்கரங்களின் வழியாகத்தான் தரைக்கு வந்து சேர்கிறது. டயருக்கு உள்ள பிடிப்பு 720 கிலோதான் என்றால், அதைப் பிரேக் எடுத்துக்கொண்டாலும் என்ஜின் எடுத்துக்கொண்டாலும் மொத்தம் 720தான். ஈரச் சாலையில் தாழ்ந்த கியரிலேயே வந்தும் வண்டி சறுக்குவது இதனால்தான். நாலு சக்கரமும் இழுக்கும் டிராக்டர் வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் முன்சக்கர இழுவையையும் சேர்த்துக்கொண்டால் முன்சக்கரங்களின் பிடிப்பும் கிடைக்கும். அப்போதும் டிரெய்லரின் பாரம் டிரெய்லர் மேலேயேதான் இருக்கிறது.

கியர் விஷயத்தில் தவறக்கூடாதவை சில உண்டு. இறக்கம் தொடங்குமுன் மேலேயே வண்டியை நிறுத்தி, அந்தச் சரிவில் பாரத்தோடு ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். நடுவழியில் கியர் மாற்ற முயலக்கூடாது. கிளட்சை மிதித்த மறுகணம் என்ஜினின் தடுப்பு போய்விடும்; வேகம் கூடியபின் கியர் மறுபடி விழாது. டீசல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் விடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதில் மிச்சமாவது கால் லிட்டரோ அரை லிட்டரோ.

எந்தப் பிரேக்?

டிரெய்லர்களில் சாதாரணமாகக் காணப்படுவது கைப்பிடியைச் சுற்றி இறுக்கும் பிரேக். இது நின்ற வண்டியை நிறுத்தி வைப்பதற்கு மட்டுமே. ஓடும்போது ஓட்டுநரின் கைக்கு எட்டாது. இது இருப்பதைக் காட்டி "எங்கள் டிரெய்லரில் பிரேக் உண்டு" என்று சொல்வது சரியல்ல. ஆனாலும் எடை மேடையில் வரிசையில் நிற்கும்போதும், சரிவில் பாரம் ஏற்றும்போதும் இது அவசியம்.

இரண்டாவது, தள்ளு பிரேக். டிரெய்லரின் இழுவைத் தண்டு சற்று உள்ளே நகரும்படி அமைந்திருக்கும். டிராக்டர் வேகம் குறைத்ததும் டிரெய்லர் முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளலே தண்டை உள்ளே அழுத்தி, கம்பி வழியாகச் சக்கரப் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. டிராக்டரில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பின்னோக்கி எடுக்கும்போதும் தண்டு அழுந்திப் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதைத் தடுக்க ஒரு தாழ் வேண்டும். நீண்ட மலையிறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே வருவதால், இந்தப் பிரேக்கும் ஓயாமல் உரசிச் சூடேறும். இலேசான பாரத்துக்கும் சமவெளிக்கும் இது ஏற்றது.

மேல்நாடுகளில் படகுகளைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கும் கடலுக்கும் போகிறார்கள். அந்த டிரெய்லர்களில் பெரும்பாலும் இருப்பது இந்தத் தள்ளு பிரேக்தான். படகு டிரெய்லருக்குப் பிரேக் தேவையா என்ற விவாதம் அங்கும் உண்டு. பிரிட்டனில் டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். அதற்குக் கீழே பிரேக் இல்லாமல் இழுப்பதானாலும், இழுக்கும் காரின் எடையில் பாதிக்கு மேல் போகக்கூடாது. தள்ளு பிரேக்கை 3,500 கிலோ வரைதான் ஏற்கிறார்கள். அதற்கு மேல் ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்பட்ட பிரேக் வேண்டும். முக்கால் டன் படகுக்கே இவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள். நம் கரும்பு டிரெய்லரில் அதைப் போலப் பத்து மடங்கு பாரம் இருக்கிறது.

ஆக, கரும்புக்கும் கிழங்குக்கும் ஏற்றது மூன்றாவது வகை. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயையோ, என்ஜினோடு இணைந்த காற்றுப் பம்பின் காற்றையோ ரப்பர் குழாய் வழியாக டிரெய்லருக்கு அனுப்பி, டிராக்டர் பிரேக்கை மிதிக்கும்போதே டிரெய்லர் சக்கரங்களையும் பிடிக்கச் செய்வது. பார வேலைக்கென்று வரும் சில டிராக்டர்களில் டிரெய்லர் பிரேக் வால்வைக் கூடுதல் பொருளாகக் கேட்டு வாங்க முடிகிறது. புதிதாக டிராக்டர் வாங்குபவர்கள், முக்கியமாக மலைப் பக்கத்தார், குடையும் பம்பரும் கேட்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். காற்றுப் பிரேக்கில் இரட்டைக் குழாய் அமைப்பு என்றால் இன்னொரு அனுகூலம் உண்டு. பின் கழன்று டிரெய்லர் பிரிந்துவிட்டாலும், குழாய் அறுந்து காற்று வெளியேறியதும் டிரெய்லரின் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பழைய டிரெய்லரில் பிரேக் பொருத்த ஆகும் செலவு விவசாயிக்குப் பாரம்தான் என்பதை மறுக்க முடியாது. வாடகைக்கு ஓட்டுபவருக்கு நடை எண்ணிக்கைதான் வருமானம். பட்டறையில் டிரெய்லர் நிற்கும் நாளெல்லாம் நஷ்டம். அரவை முடிந்து டிரெய்லர்கள் சும்மா கிடக்கும் மாதங்களே இதற்குத் தோதான காலம். அச்சு, டிரம், ஷூ இவற்றைப் பாரத்துக்கு ஏற்ற அளவில் போடத் தெரிந்த பட்டறையில்தான் செய்ய வேண்டும். ஜீப்பிலிருந்து கழற்றிய சிறிய டிரம்மை 8 டன் டிரெய்லரில் மாட்டினால் பிரேக் இருப்பதாகப் பெயர் இருக்குமே தவிர, முதல் இறக்கத்திலேயே புகைந்துவிடும்.

பிரேக் போடும்வரை

பிரேக் பொருத்தும்வரை எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்கலாம். டிரெய்லரும் பாரமும் சேர்ந்து டிராக்டரின் எடையைத் தாண்டாமல் இருந்தால், மெதுவாக ஓட்டும் வரையில் நிலைமை கைக்குள் இருக்கும். இரண்டும் சம எடை என்றால் முன் சொன்ன சரிவிலும் காய்ந்த சாலையில் 10 மீட்டரில் நிறுத்த முடியும். டிரெய்லரின் சொந்த எடையே ஒன்றரை டன் இருக்கும் என்பதால், அதில் ஏற்றக்கூடியது அரை டன்தான் என்று ஆகிறது. இது கட்டுப்படியாகாது என்பது உண்மை. பிரேக் இல்லாத டிரெய்லர் மலைக்குக் காலியாகப் போய்க் காலியாகவே வரலாம் என்பதற்கு மேல் வேறு பதில் சொல்ல இடமில்லை. சமவெளியிலும் பாரத்தோடு வரும்போது சைக்கிள் வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரைத் தனி வாகனமாகவே கருதுகிறது. அதற்குத் தனிப் பதிவெண் உண்டு. பழுதுள்ள வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவது அதே சட்டத்தின் 190ஆம் பிரிவின்படி குற்றம். பழுது தனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே குற்றம்தான். டிரெய்லர்மேல் ஆட்களை ஏற்றுவது இதைவிடப் பெரிய பிழை. 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெட்டாட்களைக் கரும்புக் கட்டின்மேல் உட்கார வைத்து அனுப்பும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது.

கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

பாரத்தை ஏற்றும் முறையிலும் பிரேக்கின் பயன் இருக்கிறது. இரு சக்கர டிரெய்லரில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளி இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்துவிட்டால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி, டிராக்டரின் பின்சக்கரங்களில் உள்ள பிடிப்பையும் குறைத்துவிடும். முன்பக்கம் அளவுக்கு மீறிக் கனத்தால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஸ்டியரிங் எங்கே திருப்பினாலும் வண்டி திரும்பாது. முன்னால் இரும்புப் பாளங்களை மாட்டுவது இதற்காகத்தான். இழுவைப் பின் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். அது மேலே எழும்பாமல் இருக்கக் கீழே பூட்டூசி போட வேண்டும். கம்பித் துண்டை வளைத்துச் செருகுவது ஆகாது. பின் போனாலும் டிரெய்லர் போகாமல் இருக்க ஒரு சங்கிலியும் வேண்டும்.

பிரேக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. ஆளில்லாத சமதளச் சாலையில் முதலில் காலி டிரெய்லரோடும், பிறகு பாதி பாரத்தோடும், நடை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட்டிவந்து, ஒரு கல்லுக்கு நேராகப் பிரேக் பிடிக்க வேண்டும். கல்லிலிருந்து நின்ற இடம் வரை காலடியால் அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே சாலையில், அதே வேகத்தில் இரண்டு மூன்று அடி கூடினால் லைனிங்கைத் திறந்து பார்க்க வேண்டும். நின்றபின் டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனால் இரு பக்கமும் ஒரே அளவு சூடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று பொருள்.

படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு உள்ள தொல்லை ஒன்று நமக்கும் உண்டு. படகை இறக்க ஒவ்வொரு முறையும் சக்கரம் தண்ணீருக்குள் போவதால் அவர்களுடைய பிரேக் துருப்பிடிக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுகிறார்கள். நம் டிரெய்லர் நீர் பாய்ந்த கரும்புத் தோட்டத்துச் சேற்றிலும் ஓடையிலும் இறங்கி ஏறுகிறது. டிரம்முக்குள் புகுந்த சேறு காய்ந்து லைனிங்கைத் தின்னும். வாரம் ஒருமுறை டிரம்மைச் சுற்றிக் கழுவ வேண்டும். அச்சில் கிரீஸ் வைப்பவர்கள் அளவோடு வைக்க வேண்டும்; வழியும் கிரீஸ் லைனிங்கில் பட்டால் மணல்காகிதம் போட்டுத் தேய்த்தாலும் பழைய பிடிப்பு வராது, லைனிங்கையே மாற்ற வேண்டும். ஓடையைக் கடந்து ஏறியதும், இறக்கத்துக்குப் போகுமுன், சிறிது தூரம் பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டினால் உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்துவிடும்.

மலையில் பாதி வழியில் கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பள்ளத்துப் பக்கம் அல்ல, மலைப் பக்கம் ஒதுங்கி. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். அரை மணி நேரம் தானாக ஆறவிடுவதே சரி. பிரேக் பிடிக்காமலே போய்விட்டால் பள்ளத்தின் ஓரத்தை நாடாமல், மலைப் பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கிக் கரையில் உரசவிட்டு நிறுத்தப் பார்க்க வேண்டும். டிரெய்லர் கெடும், ஆள் பிழைப்பார்.

நிறுத்திய இடத்தில் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுப்பது எல்லாரும் செய்வதுதான். இறக்கத்தில் கல் சக்கரத்துக்கு முன்னாலும், ஏற்றத்தில் பின்னாலும் இருக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுப் போகிறவர்கள் அநேகர். இருட்டில் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது தெரியாது. கல்லுக்குப் பதிலாக ஆப்பு வடிவில் இரண்டு மரக்கட்டைகளைச் செதுக்கி, கயிறு கட்டி டிரெய்லரிலேயே தொங்கவிட்டிருந்தால், வண்டி நகர்ந்ததும் கட்டையும் கூடவே வந்துவிடும்.